எந்த மில்லுல அரைச்சது

அருணா கட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சமையல் மேடையின் ஓரத்தில் வைத்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, மூடி போட்ட சின்னக் குண்டான், கடைசியில் ஒரு மாவு டப்பா. வைப்பதற்கு முன்பு மேடையை ஈரத்துணியால் துடைத்தாள். அந்தத் துணியும் அவள் கொண்டுவந்ததுதான். கீழே அரிவாள்மனையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் மாமியார் அம்மணி, பார்க்காதவள்போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் வருகிறாளே என்று காலையில்தான் அந்த மேடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிரபாவதி வாங்கிக்கொண்டு போகாமல் வாசற்படியில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

“இன்னா அம்மணி, உம் மருமவ தட்டுமுட்டு சாமானோட வந்துக்கிறா? ஒரேயடியா இங்கியே தங்கிடப் போறாளா?”

“டாக்டர் சொன்னதுதான் அக்கா,” என்றாள் அருணா. “கோதுமை பட்ட கரண்டியப் போட்டாக்கூட எனக்கு ஒத்துக்காது.”

“தெரியும்மா, தெரியும். தமாசுக்குச் சொன்னேன்.” பிரபாவதி கறிவேப்பிலையை முந்தானையில் முடிந்தபடி அம்மணி பக்கம் திரும்பினாள். “முன்ன டீக்கடையில நம்பளுக்குன்னு தனி டம்ளரு வெச்சிருப்பாங்க. இப்ப பாரு, அவங்களே கையோட கொண்டாந்துடறாங்க. நம்பளுக்குக் கழுவற வேலை மிச்சம்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அம்மணியும் சிரித்தாள். சிரித்தபின் அந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல், நறுக்கிய கத்தரிக்காயையே மறுபடி நறுக்கினாள்.

அருணா கோலியனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பு போடுகிற குடும்பத்துப் பெண். திண்டிவனம் காலனியில் பிறந்த சித்தார்த்தனைக் கட்டிக்கொண்ட நாளோடு அவளுக்குப் பிறந்த வீடு என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. இருவரும் விழுப்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவனுக்கு அங்கே தாலுகா ஆபீசில் வேலை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அம்மணியைப் பார்க்க வருவார்கள். கல்யாணமான புதிதில் முதல்முறை வந்தபோது அம்மணி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வைத்துவிட்டுப் பயந்துபோய், எதற்கும் இருக்கட்டும் என்று ஹோட்டலில் ஒரு சாம்பார் சாதமும் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். அருணா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கி, பூண்டை நசுக்கிப் பிசைந்து, விரலைச் சப்பினாள். அம்மணி அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். பிரபாவதியிடம் மட்டும் மூன்று விதமாகச் சொன்னாள். வானத்திலிருந்து ஒரு பறவை இறங்கி வந்து தன் உள்ளங்கையில் தானியம் கொத்தியதுபோல அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

அப்புறம்தான் அந்த வியாதி. எதைச் சாப்பிட்டாலும் வயிற்றைக் கலக்கியது. கன்னம் ஒட்டிப்போய், ரத்தம் இல்லாமல் நகமெல்லாம் வெளுத்தது. வயிற்றில் தங்கிய பிள்ளையும் மூன்றாம் மாதம் கலைந்தது. ஊரூராகப் பார்த்துவிட்டு, மார்கழியில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, கோதுமை ஆகாது என்று சொன்னார்கள். மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது, வாழ்நாள் முழுக்க. சித்தார்த்தன் அதற்கு ஓர் இங்கிலீஷ் பேர் சொன்னான். அம்மணிக்கு அது வாயில் நுழையவில்லை.

கோதுமை ஆகாதென்றால் சப்பாத்தி தின்னாமல் இருந்தால் முடிந்தது, நாமென்ன வடக்கத்திக்காரர்களா என்று அம்மணி முதலில் நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை வெறும் சோறும் சாம்பாரும்தான் செய்தாள். அருணா சாம்பாரைத் தொடவில்லை.

“சாம்பார்ல எங்கம்மா கோதுமை இருக்குது?”

“பெருங்காயம் போட்டிருக்கீங்கல்ல அத்தை. கூட்டுப் பெருங்காயத்துல மாவு கலக்கறாங்க.”

பெருங்காயத்தில் கோதுமை. நாற்பது வருஷமாகச் சமைக்கிற அம்மணிக்கு இது புதுச் செய்தி. அன்று தயிரும் சோறும் பிசைந்து தின்றுவிட்டு அருணா எழுந்தபோது, அம்மணியின் வயிற்றுக்குள் ஏதோ ஒரு பழைய கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

அவள் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடம் இருந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் சமைத்ததைத் தொட மாட்டார்கள். வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து தின்பார்கள். அதிகாரி ஒருத்தர் வந்து பெற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒருத்திகூட உண்மையைச் சொல்லவில்லை. ஒருத்தி, “எம் புள்ளைக்கு வவுத்துல கோளாறுங்க” என்றாள். இன்னொருத்தி, “வெளியில எதுவும் குடுக்காதேன்னு டாக்டரு சொல்லிக்கிறாருங்க” என்றாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வியாதி. அண்டா நிறையச் சோறு மிஞ்சி, அதை அவள் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். வருஷங்கள் போகப் போக அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தட்டோடு வந்து உட்கார்ந்தது வேறு கதை. ஆனாலும் வயிறு, டாக்டர் என்ற சொற்களைச் சேர்த்துக் கேட்டால் அம்மணிக்கு இன்றைக்கும் மாட்டுத்தொட்டியில் சோறு விழுகிற சத்தம்தான் கேட்கும்.

சித்திரையில் அவள் மருமகளுக்கென்று கேப்பை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்துவந்து அடை தட்டப் போனாள். கேப்பை அவள் சாப்பிடலாம் என்று மகன் சொல்லியிருந்தான். அடுப்பு மூட்டிய பிறகு அருணா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அத்தை, எந்த மில்லுல அரைச்சது?”

“தெருமுக்கு மில்லுலதான். ஏன்?”

“அங்க கோதுமையும் அரைப்பாங்கல்ல. அதே மிஷின்ல…” அருணா தலையைக் குனிந்துகொண்டாள். “தப்பா நெனச்சிக்காதீங்க அத்தை.”

தெருமுக்கு மில் காலனிக்காரர்களின் மில். அம்மணி தப்பாகத்தான் நினைத்துக்கொண்டாள். மில்லைச் சொல்லவில்லை, எங்கள் கையைச் சொல்கிறாள் என்று நினைத்தாள். எத்தனை நாள் கருவாடு தின்றாலும் ரத்தம் அதன் வேலையைக் காட்டும். அப்பன் வீட்டில் சொல்லிக்கொடுத்தது வியாதி மாதிரி வெளியே வருகிறது. மகனிடம் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் பெண்டாட்டியின் ரிப்போர்ட்டை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டுவான். அதிகாரியிடம்கூட அந்தக் காலத்தில் ஒருத்தி டாக்டர் சீட்டு காட்டினாளே.

இது ஆடி மாசம். காலனி மாரியம்மனுக்கு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு கொண்டுவந்து அண்டாவில் கொட்டிக் கலக்கிய கூழை அருணா குடிக்க முடியாது. அதனால்தான் விழுப்புரத்தில் தன் வீட்டு மிக்சியில் தானே அரைத்த கேப்பை மாவை டப்பாவில் கொண்டுவந்திருந்தாள்.

“இதுல எனக்கு மட்டும் தனியா காய்ச்சிக் குடுங்க அத்தை. உங்க கையால கூழு குடிக்கணும்னு ஆசையா இருக்கு.”

ஆசையாம். அம்மணி டப்பாவை வாங்கி, சாயங்காலமே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாள்.

ஞாயிறு காலையில் சித்தார்த்தன் கோயிலுக்கு அண்டா தூக்கப் போய்விட்டான். அருணா பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குண்டானில் அரிசி நொய் வெந்து, கரைத்த மாவை ஊற்றி அம்மணி அவள் கரண்டியாலேயே கிண்டிக்கொண்டிருந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில் ரேஷன் கோதுமை அரைத்த மாவுத் தூக்கு இருந்தது. அதை எடுக்கப்போகிறோம் என்று நேற்றிரவு அவள் நினைக்கவில்லை. எடுத்த பிறகு, பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது போலவும் இருந்தது. வியாதி என்றால் படுப்பாள். படுக்காவிட்டால் வியாதி இல்லை. இதைவிடச் சுலபமான சோதனை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். கேப்பையின் கறுப்பு அதை உடனே விழுங்கிக்கொண்டது. பின்பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. அம்மணி வேகவேகமாகக் கிண்டினாள்.

கூழை ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் அரிந்து போட்டுக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலையில் அரைத்த மல்லாட்டைத் துவையல். அருணா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதையே அம்மணி பார்த்தாள். முதல் டம்ளர் முடிந்து மேலுதட்டில் மோர்க்கோடு இருக்க, அவள் டம்ளரை நீட்டினாள்.

“இன்னொண்ணு அத்தை.”

ஊற்றினாள்.

“எங்க போனாலும் பயந்துக்கினே சாப்பிட வேண்டியதா இருக்கு. கல்யாண வீட்டுக்குப் போனா வாழைப்பழத்தத் தின்னுட்டு வந்துடறேன். இவரு ஆபீசுல எல்லாரும் திமிரு புடிச்சவன்னு பேசிக்கிறாங்களாம். இங்க ஒரு எடத்துலதான் யோசிக்காம குடிக்கறேன்.”

அம்மணி ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து நடுவில் போட்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆய்ந்தார்கள். கோயில் பக்கம் உடுக்கைச் சத்தமும் மைக் செட்டின் இரைச்சலும் மாறி மாறி வந்தன. அருணா எதையெதையோ பேசினாள்: வீட்டுக்காரம்மா மோட்டார் போட விடாதது, ஜன்னல் வழியே தெரிகிற ரயில், அப்பாவை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தூரத்திலிருந்து பார்த்தது. அம்மணி பால் பொங்குவதற்குக் காத்திருப்பவள்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. நல்ல நிறம்கூட வந்திருந்தது. நேரம் போகப் போக அம்மணியின் நெஞ்சுக்குள் கசப்பு பித்தமாக ஏறியது. ஆக, ஒன்றுமில்லை. தட்டும் டம்ளரும் துடைக்கிற துணியும் எல்லாம் வேஷம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒன்று வளர்ந்து, தாலி கட்டிக்கொண்டு, தன் வீட்டு அடுப்படிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

“உன் வவுறு நல்லாத்தான் இருக்குது,” என்றாள் அம்மணி.

“இப்ப பரவால்ல அத்தை. அடுத்த மாசம் மறுபடி டெஸ்டு. குடல் ஆறியிருந்தா குழந்தைக்குப் பாக்கலாம்னு…”

கீரைக்காம்பைப் பிடித்திருந்த கை நின்றது. அருணா எதையோ உற்றுக் கேட்பவள்போல உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டில் வியர்வை பொடித்தது. முகத்திலிருந்து நிறம் தண்ணீர்போல இறங்கிப் போயிற்று. மடியிலிருந்த கீரை சிதற எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

அம்மணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஐயோ, நிஜமாகவே வியாதிதான். என் கையில் குறை ஒன்றுமில்லை. இவள் என்னை ஒருநாளும் தள்ளி வைக்கவில்லை. நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த கல் ஒன்று உருண்டு போய், மூச்சு இலேசாக வந்தது. அந்த ஒரு மூச்சு முடிவதற்குள், பின்பக்கத்திலிருந்து குடலே வாய்க்கு வருவது போன்ற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு முறை. அம்மணி எழுந்து ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கையில் அந்த உடம்பு கோழிக்குஞ்சுபோல நடுங்கியது.

சித்தார்த்தன் வந்தபோது அருணா பாயில் முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கழிவறைக்குப் போய்ப் போய் வந்து கண் உள்ளே போயிருந்தது.

“இன்னா துன்ன?” என்றான். நெற்றியில் விபூதி இன்னும் ஈரமாக இருந்தது. “எம்மா, இன்னா குடுத்த இவளுக்கு?”

அம்மணி இரண்டடி பின்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தைய ஏன் கேக்கற?” பாயிலிருந்து அருணாவின் குரல் வந்தது. “என் மாவு, என் குண்டான். எம்மேலதான் தப்பு. நேத்து பஸ் ஸ்டாண்டுல காபி குடிச்சேன். அந்த ஆளு டம்ளர சரியா கழுவல போல.”

“உனக்கு எத்தினி வாட்டி சொல்றது? ஒரு காபி குடிக்காட்டி உசுரா போய்டும்? ஆறு மாசம் கட்டுப்பாடா இருந்து இன்னா பிரயோசனம்? இப்ப டெஸ்டுல இன்னா வரும்? போன வாட்டி ஒண்ணப் பறிகுடுத்தது பத்தலியா உனக்கு?”

அருணா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. முதுகெலும்பு மட்டும் ஜாக்கெட்டுக்குள் ஒவ்வொரு கணுவாகத் தெரிந்தது. திட்டு முழுவதையும் அந்த முதுகு வாங்கிக்கொண்டது. அம்மணி தூணோரம் நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்லுக்கு முன்னால் வாயில் எச்சில்தான் ஊறியது.

வெயில் சாயும் நேரத்தில் அருணா கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தாள். சித்தார்த்தன் கோபம் வடிந்து, அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

“இளநி வாங்கியாரட்டா?”

“வேணாம். கசக்கும்.” அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். “காலைல அத்தை காய்ச்சின கூழு மீதி இருக்கும். அதுல தண்ணி விட்டு, ஒரு கல்லு உப்பு போட்டுக் குடு. அதுதான் இந்த வயித்துல நிக்கும்.”

“சரி,” என்று எழுந்து அவன் அடுக்களைக்குள் போனான்.

அவனுக்கு முன்னால் அம்மணி போய்விட்டிருந்தாள். எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சித்தார்த்தன் டம்ளரையும் அருணாவின் கரண்டியையும் எடுத்துக்கொண்டு குண்டானின் மூடியை நகர்த்தினான். உள்ளே பாதிக்குக் கூழ் இருந்தது, மேலே ஆடை கட்டி, ஒன்றுமே தெரியாததுபோல.

அவன் கரண்டியை உள்ளே விடப்போனான். அம்மணி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் குண்டானின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாமா?” என்றான் அவன்.

கூடத்திலிருந்து அருணா கூப்பிட்டாள். “இருக்குதா அத்தை?”

கரண்டி அம்மணியின் புறங்கைக்குமேல் அந்தரத்தில் நின்றது. மகன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மணி கையை எடுக்கவில்லை.