எழுபதில் எட்டு

உச்சிமாகாளியின் மூக்கு தேய்ந்துகொண்டிருக்கிறது என்பது 1996ஆம் வருஷம் ஓணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெரியவந்தது. அன்று திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் பழைய செம்பு கிலோ தொண்ணூற்றிரண்டு ரூபாய்க்கும் பித்தளை அறுபத்தெட்டுக்கும் போய்க்கொண்டிருந்தன. லிங்கத்தின் பழைய பாத்திரக் கடையில் பதினேழு வருஷமாக எடை போட்டுக்கொண்டிருந்த உச்சிமாகாளி, தராசு முள்ளைப் பார்க்கக் குனிந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவித் தட்டில் விழுந்தது. எடுத்து மாட்டினார், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்ததும் முதலாளி லிங்கம் எழுந்து வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணாடி நிற்க அங்கே மேடு போதாது என்று சொன்னார். ஒரு துண்டு சணலை எடுத்துக் கண்ணாடியின் இரு காதுகளையும் பின்மண்டையில் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். பண்டிகை நேரம், கடையில் கூட்டம். எடை தொடர்ந்தது.

அவருடைய மனைவி செண்பகவல்லிக்கு இது அதற்கு முன்பே தெரியும். என்ன தெரியும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது. சோறு போடும்போது நிமிர்ந்து பார்த்தால், நேற்றுப் பார்த்த முகத்தில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். மூப்பு என்று நினைத்தாள். ஆனால் மூப்பு முகத்தில் கோடு போடும். இங்கே இருந்த கோடுகளும் போய்க்கொண்டிருந்தன. நெற்றிச் சுருக்கம் முதலில் போனது. பிறகு, தென்காசியில் பெண் பார்க்க வந்த அன்று அவள் கதவிடுக்கு வழியாகக் கண்டு சம்மதம் சொன்ன அந்த முகவாய்க் குழி போனது.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், இடித்துப்போட்ட ஒரு பழைய வீட்டிலிருந்து எடைக்கு வந்த வெண்கல உருளியின் அடியில், களிம்போடு களிம்பாக ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளி அரை ரூபாய் வந்திருந்தது. திருவிதாங்கூர் காலத்துக் காசு. ஒரு பக்கம் சங்கு என்று சொன்னால் சங்கு, இல்லையென்றால் வெறும் வீக்கம். மறுபக்கம் எழுத்துகள் இருந்த இடத்தில் தடம் மட்டும் இருந்தது. ஆண்டின் கடைசி இலக்கம் சுத்தமாக இல்லை. வெள்ளியின் எடைக்கு விலை கொடுத்து உச்சிமாகாளி அதை எடுத்துக்கொண்டார். அதுவரை எதையும் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்காத மனிதர். ஏன் வாங்கினார் என்று லிங்கம் கேட்டதற்கு, பாவமாக இருந்தது என்று சொன்னாராம்.

காசுக்குத் தரம் சொல்லும் யூசுப், பழவங்காடியில் ஒரு மாடி அறையில் அலுவலகம் திறந்தது 1994இல். கடையநல்லூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது சாலைக் கடைத்தெருவில். துபாயில் பத்து வருஷம் ஒரு நாணய வியாபாரியிடம் இருந்து தொழில் படித்து வந்தவர். காசு வாங்கமாட்டார், விற்கமாட்டார். விளக்கின் கீழே வைத்து லென்ஸால் பார்ப்பார், எடை பார்ப்பார், படம் எடுப்பார், ஒன்றிலிருந்து எழுபது வரை ஓர் எண் போடுவார். ஒன்று என்றால் காசு என்று மட்டும் தெரியும். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்த நிமிஷம் எப்படி இருந்ததோ அப்படி. பிறகு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உடைத்தால் ஒழியத் திறக்காதபடி ஒட்டி, எண்ணெழுதிய சீட்டையும் உள்ளேயே வைத்துக் கொடுப்பார். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரையொருவர் நம்பத் தேவையில்லை, யூசுப்பின் சீட்டை நம்பினால் போதும் என்பது இரண்டே வருஷத்தில் கொல்லம் வரை பரவியிருந்தது. உச்சிமாகாளியின் அரை ரூபாய்க்கு அவர் போட்ட எண் பன்னிரண்டு.

அடுத்த வருஷம் உச்சிமாகாளி பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. உள்ளே இருந்த காசில் சங்கின் வளையம் இரண்டு தெரிந்தது. யூசுப் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒட்டை லென்ஸால் பார்த்தார். பாலீஷ் போட்ட கோடு இல்லை, ஆசிட் பட்ட நிறமில்லை.

"அண்ணாச்சி, காசு தேஞ்சு நம்பர் எறங்கித்தான் நான் பாத்திருக்கேன். ஏறிப் பாத்ததில்ல" என்றார்.

"அப்பம் என்ன செய்ய?"

"கண்ணு காணுகதத்தானே எழுதணும்" என்று சொல்லி இருபது என்று எழுதினார்.

மூக்குக்கண்ணாடி விழுந்த வருஷம் அது முப்பத்தைந்தாக இருந்தது. சந்தேகம் தீராத யூசுப் தன் செலவில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அதை அனுப்பினார். ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்த சீட்டிலும் முப்பத்தைந்து என்றே இருந்தது. 1998இல் ஐம்பது. அந்த வருஷந்தான் ஆண்டின் கடைசி இலக்கம் மேலே வந்தது. அது எளிதில் கிடைக்காத வருஷம் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரியசாலைச் சந்தில் இருந்த உச்சிமாகாளியின் ஒற்றை அறை வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோழிக்கோட்டிலிருந்து ஒரு வக்கீல், சென்னையிலிருந்து இரண்டு மார்வாடிகள், நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. செண்பகவல்லி பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள். அவர்கள் காசைக் கையில் ஏந்தி வாசல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். பெருமூச்சு விட்டார்கள். விலை கேட்டார்கள். விற்பதில்லை என்று உச்சிமாகாளி சொன்னதும் இன்னும் மரியாதையாகப் பேசினார்கள். வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி அவரிடமே சொன்னார்கள். அவர் தள்ளி நின்றார். வந்தவர்களில் ஒருவர்கூட அடுத்த முறை சந்தித்தபோது அவரை அடையாளம் கண்டுகொண்டதில்லை.

மகள் ரெம்யா அப்போது காட்டன்ஹில் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்துவிட்டுப் போனதும், கூடப் படிக்கும் பெண்கள் வந்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அப்பா என்று சொன்னாள். எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். அது கேலிக்குக் கேட்ட கேள்வி இல்லை என்பதால் ரெம்யாவால் சண்டை போட முடியவில்லை. வீட்டுக்கு வந்து, "அம்மா, இனி நீ மாத்திரம் வந்தா மதி, போதும்" என்று மட்டும் சொன்னாள். உச்சிமாகாளி அதைக் கேட்டார். அவருக்கு வருத்தமா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அவர் முகத்தில் ஒன்றுமில்லை. கண்கள் ஆழமில்லாத இரண்டு நிழலாகவும் வாய் ஒரு மெல்லிய வெட்டாகவும் இருந்தன. பார்வைக்கோ பேச்சுக்கோ குறைவில்லை. காலையில் பழக்கத்தை விடாமல் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டார்.

1999 தை மாதம் செண்பகவல்லி வீட்டில் இருந்த படங்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு, யூசுப்பின் மாடிக்கு ஏறினாள். கல்யாணப் படம், ரெம்யா பிறந்ததும் எடுத்தது, கன்னியாகுமரியில் எடுத்தது, லிங்கம் கடையில் ஆயுதபூஜைக்கு வருஷாவருஷம் எடுத்தவை.

"பாய், நீங்க காசுக்கு நம்பர் போடுதீங்கள்லா. இதுக்கும் போட்டுத் தாங்க" என்று மேசைமேல் கொட்டினாள்.

யூசுப் சிரிக்கவில்லை. படங்களை வருஷப்படி அடுக்கி, ஒவ்வொன்றாக விளக்கின் கீழே வைத்தார். பிறகு உச்சிமாகாளியை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, விளக்கை அவர் பக்கம் திருப்பி, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. காசுக்கு எந்தப் பாரபட்சமும் இல்லாமல் போடுவதுபோலவே ஒரு தாளில் எண்களை எழுதினார். காசின் எண்களைப் பக்கத்தில் எழுதினார். 1994இல் காசு பன்னிரண்டு, முகம் ஐம்பத்தெட்டு. 1996இல் இரண்டும் முப்பத்தைந்து. இன்றைக்குக் காசு அறுபத்திரண்டு, முகம் எட்டு. எந்த வருஷத்தைக் கூட்டினாலும் எழுபது வந்தது.

செண்பகவல்லிக்கு வந்தது அழுகையில்லை, ஒரு நிம்மதி. ஆறு வருஷமாக அவள் மட்டும் கண்டுகொண்டிருந்ததை இன்னொருவர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே இறங்கி ரோட்டுக்கு வந்ததும் கணவரிடம் திரும்பினாள்.

"அத வித்துருங்க. ஆருக்காவது சும்மாவாவது குடுத்துருங்க."

"வேண்டாம் செண்பகம்."

"ஒங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

"தொண்ணூத்தஞ்சிலேயே தெரியும். சவரம் பண்ணும்போ பாப்பேம்லா."

"தெரிஞ்சுமா வச்சிக்கிட்டிருந்தீங்க?"

உச்சிமாகாளி நடந்துகொண்டே பேசினார். "எனக்கு நாப்பத்தாறு வயசாவுது. இத்தன நாளும் தராசுக்கு அந்தப் பக்கம் நின்னவன் முள்ளத்தான் பாத்தான். என் மொகத்த ஆரு பாத்தா? இப்பம் மெட்ராஸ்ல இருந்து வாரான், கோழிக்கோட்டுல இருந்து வாரான். நம்ம வீட்டுப் பொருளப் பாத்துட்டு அவனுக்குப் பேச்சு வர மாட்டேங்கி."

"நான் பாத்தேம்லா" என்றாள் செண்பகவல்லி. "இருவது வருசமா தெனம் நான் பாத்தேம்லா."

 அவர் கிழக்கேகோட்டைப் பக்கம் நடையை எட்டிப் போட்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, அவர் கடைக்குப் போன பிறகு, அவள் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து அம்மிக்குழவியால் உடைத்தாள். காசு ஏறினால் முகம் இறங்குகிறது, அப்படியானால் காசு இறங்கினால் முகம் ஏறவேண்டும் என்பது அவள் கணக்கு. கொல்லைக்குப் போய், துணி துவைக்கிற கல்லில் காசை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்று. பிறகு கோபத்தில் இன்னொன்று. அதே நேரம் கடையில் ஒரு குடத்தை எடை போட்டுக்கொண்டிருந்த உச்சிமாகாளி, இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தம் வரவில்லை. லிங்கம் ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கியபோது, அந்த வழவழப்பான கன்னத்தில் காது முதல் வாய் வரை மூன்று கீறல்கள், கல்வெட்டுப்போல ஆழமாக இருந்தன. மூக்கு திரும்பவில்லை. முகவாய்க் குழி திரும்பவில்லை.

செண்பகவல்லி காசை முந்தானையில் முடிந்துகொண்டு பழவங்காடிக்கு ஓடினாள். யூசுப் வெகுநேரம் லென்ஸை எடுக்கவே இல்லை.

"இனி இதுக்கு நம்பர் கெடையாது மதினி. சேதம்னுதான் எழுத முடியும்."

"தேய்க்கத்தானே செஞ்சேன் பாய். தேஞ்சா எறங்கும்னு நீங்கதானே அவுங்ககிட்ட சொன்னீங்க?"

"தேய்மானம் வேற, சேதம் வேற. தேய்மானம் ஆயிரம் கை பட்டு, எத்தனையோ வருசம் கழிச்சு வருகது. சேதத்துக்கு ஒரு கை போதும்" என்றார் யூசுப். சொன்ன பிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். எழுந்துபோய் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

சேதம் என்று எழுதிய சீட்டோடு காசு மறுபடி பெட்டிக்குள் போனது. அதன்பிறகு அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உச்சிமாகாளியின் முகமும் அந்த எட்டிலேயே, மூன்று கீறலோடு நின்றுவிட்டது. செய்தி தெரிந்து வக்கீல் வருவதை நிறுத்தினார், மார்வாடிகள் நிறுத்தினார்கள். தலைமையாசிரியை மட்டும் ஒருமுறை வந்து, பார்த்துவிட்டு, யாரோ இறந்த வீட்டில் சொல்வதுபோல இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். இரவல் நாற்காலிகள் திரும்பிப் போயின. பதினோரு மாதம் உச்சிமாகாளி மனைவியிடம் பேசவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். கோபமா, வெறும் களைப்பா என்று அறிய வழியில்லாததால் அவள் அவருடைய கைகளைப் பார்க்கப் பழகினாள். தட்டைத் தள்ளுவதிலிருந்தும் செருப்பைக் கழற்றுவதிலிருந்தும் அன்றைய மனசைப் படித்தாள். பன்னிரண்டாம் மாதம் ஒரு மத்தியானம், "குழம்புல புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். அவள் அடுப்புப் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு, வெந்நீர் கொண்டுவந்து குழம்பில் ஊற்றினாள். சமாதானம் என்று அதைச் சொல்ல முடியாது. பேச்சு இருந்தது, அவ்வளவுதான். ரெம்யா நர்சிங் படிக்க மங்களூர் போனாள். ஊருக்கு எழுதும் கடிதங்களில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை, அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாள்.

2003இல் வார்டுப் பள்ளிக்கூடத்தில் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தார்கள். உச்சிமாகாளியின் முறை வந்ததும் காமிராக்காரன் கண்ணைத் திறக்கச் சொன்னான். திறந்துதான் இருக்கிறது என்று செண்பகவல்லி சொன்னாள். அவன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எடுத்தான். அட்டை வந்தபோது, பெயரும் தகப்பன் பெயரும் சரியாக இருந்தன. படத்தில் ஒரு சட்டைக் காலர், மேலே வெளிறிய ஒரு வட்டம், அதன் ஓரத்தில் மூன்று கோடு.

அடுத்த மே மாதத் தேர்தலில் இருவரும் காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்றார்கள். உள்ளே மேசையில் இருந்த டீச்சர் அட்டையை வாங்கிப் பெயரை உரக்கப் படித்தார். பெஞ்சில் இருந்த மூன்று கட்சி ஏஜெண்டுகளும் பட்டியலில் தேடி விரல் வைத்தார்கள். டீச்சர் அட்டையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். ஆட்சேபம் உண்டா என்று ஏஜெண்டுகள் பக்கம் திரும்பினார். ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு இது தன்னே" என்றான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். உச்சிமாகாளி இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினார், மை வைத்தார்கள். செண்பகவல்லி தன் அட்டையை எடுத்து முன்னால் நகர்ந்தாள். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் போகச் சொன்னார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.