நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாது

ஸ்பீக்கர் ஒயரின் நுனியைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தவனின் தோளில் அத்தான் கை வைத்தார்.

"தம்பி, குடைப் பாட்டு உன் போன்லதானே இருக்கு?"

வாயிலிருந்த ஒயர்த் துணுக்கைத் துப்பிவிட்டு, "இருக்கு அத்தான். உங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாள்ல எடுத்தது" என்றான்.

"எல்லாரும் உக்காந்ததும் அதைப் போட்டுடு. யாரும் எதுவும் பேச வேண்டியதில்ல. எனக்குப் பேச வராது."

தகனக் கூடத்தை ஒட்டிய அந்த ஹாலை அவர்களுக்கு இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஒதுக்கியிருந்தார்கள். மூன்று மணிக்கு முன்பக்கத்துக் கதவு திறக்கும். அக்கா இருக்கும் பெட்டி அந்தப் பக்கம் போய்விடும். இப்போது ஒன்றேகால்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்வரை அவனால் எந்த அறையிலும் இருந்துவிட முடியும். இரண்டு நாளாக எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டேதான் இருந்தான். அத்தான் வீட்டுக் காலிங் பெல்லை யாரும் கேட்காமலே சரிசெய்துவிட்டான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் அதை அழுத்தினார்கள்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினில் வேலை. செவ்வாய்க்கிழமை காலை, "ஒரு நிமிஷம், தலை சுத்துது" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

குடைப் பாட்டு அவள் இருபத்திரண்டு வயதில் எழுதியது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் சாப்பாடு முடிந்த கையோடு "குடை! குடை!" என்று கூப்பாடு கிளம்பும். அக்கா எழுந்து தொண்டையைச் செருமுவாள்.

குடையை மறந்து வந்தவளே,
மழையை மறந்தா வந்தாய்?

சித்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எல்லாரும் கைதட்டுவார்கள். அக்கா என்றால் அந்தப் பாட்டு, அந்தப் பாட்டு என்றால் அக்கா.

ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்துவிட்டு உயிர் பெற்றது. அவன் நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தமில்லை. கடை ஆட்கள் மாதிரியும் இல்லை. நெட்டையாக ஒருவர், மடியில் ஹெல்மெட். பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண்மணி. அவருக்கு அடுத்து சட்டைப் பையில் நான்கு பேனா சொருகிய ஒருவர். மூவரும் அவனையே பார்த்தார்கள்.

"நீங்கதானே லிஃப்ட் தம்பி?" என்றார் நெட்டையானவர்.

"ஆமா. நீங்க?"

"நான் பல்செட் செய்யறவன். இவங்க போஸ்டாபீஸ். அவர் மருந்துக் கடை. நாங்க ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்குவோம். உங்க அக்கா எங்களுக்குக் கண்ணாடியம்மா."

பதினைந்து வருடமாக, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, அக்கா 'பாட்டுக்கு' போவாள் என்று அவனுக்குத் தெரியும். ஏதோ வகுப்பு என்று நினைத்திருந்தான். என்ன வகுப்பு என்று கேட்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றியது.

"அங்க என்னதான் செய்வீங்க?"

"லாண்டரிக் கடைக்கு மேல ஒரு ரூம். எழுதிட்டு வந்ததைப் பாடுவோம். அப்புறம் திட்டிக்குவோம்."

"திட்டுவீங்களா?"

"ஒரே ஒரு சட்டம்தான்" என்றார் போஸ்டாபீஸ்காரம்மா. "நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லக் கூடாது. உங்க அக்கா போட்ட சட்டம். அதுக்கு நீங்கதான் காரணம்."

"நானா?"

பல்செட்காரர் அந்தம்மாவை 'வேண்டாம்' என்பதுபோலப் பார்த்தார். அதற்குள் அந்தம்மா சொல்லத் தொடங்கிவிட்டார். "ரொம்ப வருஷம் முன்னாடி புதுசா ஒண்ணு எழுதிட்டு உங்களுக்குப் போன் பண்ணிப் பாடினாங்களாம். நீங்க வேலையில இருந்தீங்களாம். 'நல்லா இருக்குக்கா'ன்னுட்டு வெச்சிட்டீங்களாம். பாட்டுல இன்னும் ரெண்டு வரி பாக்கி இருந்துச்சாம்."

அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில், லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான். காதுக்கும் தோளுக்கும் இடையே போன். 'ஆனா குடைப் பாட்டு மாதிரி வராதுக்கா' என்றும் சொன்ன ஞாபகம். அந்தம்மா அதைச் சொல்லவில்லை. அக்கா அவர்களிடம் அதை மறைத்திருக்க வேண்டும்.

"கோவமா சொன்னாங்களா?"

"இல்லப்பா! சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எங்களுக்கும் ஒரே சிரிப்பு. எல்லார் வீட்டுலயும் ஒரு தம்பி இருக்கான்."

அவன் அவர்களுக்கு முன்னால் இருந்த நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் கை சும்மா இருந்தது.

"அக்கா எத்தனை பாட்டு எழுதியிருப்பாங்க?"

"நூத்தி நாப்பது இருக்கும்."

அவனுக்குத் தெரிந்தது ஒன்று.

"நல்லா எழுதுவாங்களா?"

கேட்டபிறகுதான் பெட்டி அங்கேயே இருப்பது உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுமார்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"சுமாருக்கு மேல" என்றார் போஸ்டாபீஸ்காரம்மா.

"வந்த புதுசுல மோசம்" என்றார் பல்செட்காரர், யோசித்து. "அப்புறம் ரொம்ப நாள் சுமார். போன ரெண்டு வருஷமா, எப்பவாவது ஒரு வரி வந்து விழும் பாருங்க. அன்னிக்கு நாங்க மூணு பேருமே முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அவ்வளவு வயித்தெரிச்சல்."

செத்தவர்களைப் பற்றி இப்படிப் பேசுவதை அவன் கேட்டதில்லை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் அக்காவை 'தங்கமானவ' என்றார்கள். அது யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். இவர்கள் சொல்வது அக்கா ஒருத்தியைப் பற்றி மட்டும்தான்.

"வெளியில யாருமே கேக்கலையே. அதுல அவங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"யாருக்கு இல்ல?" என்று சிரித்தார் பல்செட்காரர். அவர் நகக்கண்களில் வெள்ளைச் சுண்ணப்பொடி ஒட்டியிருந்தது. "ஆனா அவங்க பயமே வேற. ஒவ்வொரு ஜனவரியும், போன வருஷத்து முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டுவாங்க. நகர்ந்திருக்கேனான்னு கேப்பாங்க. ஒரு வருஷம் நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, முதல் பாட்டுதான் தேவலாம்னு சொல்லிட்டேன். நாலு மாசம் வரல."

"அப்புறம்?"

"ஒரு சனிக்கிழமை படியேறி வந்தாங்க. 'வீட்டுல உக்காந்து மோசமா எழுதறதுக்கு இங்க வந்து மோசமா எழுதறேன்'னாங்க. கையில ஒம்போது பாட்டு."

அந்த நான்கு மாதம் எதுவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒருவேளை அவன் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பட்டாணி உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாளே, அந்த நாட்கள். 'உடம்பு சரியில்லையாக்கா?' என்று கேட்டிருந்தான். 'இல்லடா, வேலை ஓடல' என்றாள். மெஷினைச் சொல்கிறாள் என்று நினைத்து, 'பெல்ட்டைப் பாரு' என்றிருந்தான்.

"இன்னிக்கு என்ன போடப் போறீங்க?" என்று மருந்துக் கடைக்காரர் ஸ்பீக்கரைக் காட்டிக் கேட்டார்.

"குடைப் பாட்டு."

மூவர் முகமும் ஒரே நேரத்தில் கோணியது.

"அதையா?" என்றார் போஸ்டாபீஸ்காரம்மா. "ஐயோ. 'மழையை யாராவது மறப்பாங்களா, நனைஞ்சுக்கிட்டு நிக்கும்போது?'ன்னு அவங்களே தலையில அடிச்சுக்குவாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடமாகக் கேட்ட வரி. அந்த ஓட்டை அவனுக்கு ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை.

பல்செட்காரர் தன் போனை எடுத்தார். "போன சனிக்கிழமை பதிஞ்சது. வேற எதுக்கும் இல்ல, உங்களுக்குக் கேக்கணும்னா."

காதோடு வைத்துக் கேட்டான். பக்கவாத்தியம் இல்லை. ரூமில் ஃபேன் சத்தம். அக்காவின் குரல், ஆனால் கல்யாண வீட்டுக் குரல் இல்லை. மெதுவாக, அடி வைத்துப் பார்த்துப் பார்த்து நடப்பது போல.

இடக்கண்ணுக்கு ஒரு தூரம்,
வலக்கண்ணுக்கு ஒரு தூரம்.
இரண்டுக்கும் நடுவில் நீ
எங்கே நின்றிருந்தாய்?

அடுத்த சரணம் 'தானனா தன்னனா' என்று வெறும் மெட்டாகவே போனது. கடைசி வரிக்கு மட்டும் வார்த்தை இருந்தது: 'துடைத்த பிறகும் நீதான்.' பாட்டு நின்றது. 'இந்த இடம் வரல' என்றாள் அக்கா. யாரோ, 'நொண்டுது' என்றார்கள். 'தெரியுதுய்யா. நொண்டட்டும், நடக்க வெக்கறேன்.' அதோடு முடிந்தது.

அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

அத்தான் வெளியே, தான் ஓட்டும் பள்ளி வேனின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"அத்தான், அக்காவுக்கு அந்தக் குடைப் பாட்டு..."

"பிடிக்காது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லா கேட்ட போ." அவர் துணியை உதறினார். "ரெண்டாவது சரணத்துல கண்ணை மூடிக்குவா. ரசிச்சுப் பாடறான்னு ரொம்ப நாள் நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, வெக்கம். ஆனாலும் நான் கேட்டா பாடுவா. ஒரு தடவைகூட மாட்டேன்னது கிடையாது."

அவன் வேனின் கதவில் சாய்ந்தான். அத்தானே பேசினார்.

"சனிக்கிழமை நான்தான் கொண்டுபோய் விடுவேன். லாண்டரி வாசல்லயே வண்டியைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். மேல ஜன்னல் திறந்திருக்கும். ஒரே வரியை இருபது தடவை பாடுவா. எனக்கு இருபதும் ஒண்ணாத்தான் கேக்கும். ஆனா சில நாள் அந்தப் படியில இறங்கி வரும்போது அவ முகத்தைப் பாக்கணும் நீ. குடைப் பாட்டுக்கு எவ்வளவு பேர் கை தட்டினாலும் அந்த முகம் வந்ததில்ல." துணியை நான்காக மடித்தார். "எதுக்கு அப்படிச் சிரிக்கறேன்னு கேட்டா, 'ஒரு எழுத்து மாத்தினேன்'ம்பா."

"உள்ள அந்த மூணு பேரும் வந்திருக்காங்க அத்தான். போன வாரம் பாடினது அவங்ககிட்ட இருக்கு. ஆனா முடியாத பாட்டு. பாதிக்கு வார்த்தையே இல்ல."

அத்தான் சாலையைப் பார்த்தபடி நின்றார். ஹால் வாசலில் ஆட்கள் வந்து சேரத் தொடங்கியிருந்தார்கள்.

"போன வாரம் இறங்கி வரும்போது" என்றார், "அந்த முகம்தான்."

இரண்டரை மணிக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. யாரும் பேசவில்லை. அவன் பல்செட்காரரின் போனில் பொத்தானை அழுத்தினான். ஃபேன் சத்தம்தான் முதலில் வந்தது. சிலர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். பிறகு அக்கா பாடினாள். குடைக்காகக் காத்திருந்த முகங்களில் ஒரு குழப்பம் பரவியது. 'தானனா' வந்தபோது சித்தி பக்கத்தில் இருந்தவளிடம், "என்னடி இது, வார்த்தையைக் காணோம்?" என்றாள். அவளுக்குக் காது மந்தம். ஹால் முழுக்கக் கேட்டது.

அவன் கடைசி வரிசையைப் பார்த்தான். மூவரும் அழவில்லை. தலையைச் சாய்த்து, புருவத்தை நெரித்து, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டார்கள். அவனும் அப்படியே கேட்டுப் பார்த்தான். பாட்டு முடியும்வரை, கடைசி இரண்டு வரியையும் சேர்த்து.

'தெரியுதுய்யா. நொண்டட்டும், நடக்க வெக்கறேன்.'

எங்கோ ஒரு தொண்டையில் சிரிப்பும் கேவலுமாக ஒரு சத்தம். அத்தானுடையதாக இருக்கலாம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"குடைப் பாட்டு போடலையா?" என்று சித்தி அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது எங்க போயிடப் போகுது சித்தி" என்றார் அத்தான்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. மூடியது.

கூட்டம் கலைந்து, கையெழுத்துப் போட வேண்டிய தாள்களில் எல்லாம் போட்டு முடிக்க நாலரை ஆகிவிட்டது. அவனும் அத்தானும் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். அத்தான் சாவியைப் போட்டார், திருகவில்லை.

எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் அந்த மூவரும் இருந்தார்கள். பல்செட்காரரின் ஹெல்மெட் தரையில் கிடந்தது. மருந்துக் கடைக்காரர் ஒரு துண்டுத்தாளில் எதையோ எழுதி நீட்டினார். பல்செட்காரர் வாயசைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்: இல்லை. வேறொன்று. அதுவும் இல்லை. போஸ்டாபீஸ்காரம்மா 'தானனா'வுக்கு அசை பார்ப்பவர்போல விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பஸ் வந்து அவர்களை மறைத்து நின்றது. கதவு திறந்தது, கொஞ்சம் பொறுத்தது, மூடியது.

பஸ் நகர்ந்தபோது மூவரும் அங்கேயேதான் இருந்தார்கள். போஸ்டாபீஸ்காரம்மா சுண்டுவிரல்வரை வந்தவர், உதட்டைச் சுளித்துக் கையை உதறிவிட்டு, மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்.