நான்காம் மாடி சீலிங் பற்றி நான்கு வரி

1

இது விளம்பரமாக இருந்திருக்க வேண்டியது. நான்கே வரி, ஆங்கிலத்தில். எழுதச் சொன்னவர் லியென். எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் குழுவின் தலைவர். நான் வாடகைக்கு இருக்கும் இரண்டாம் மாடிக்குச் சொந்தக்காரரும் அவரே. ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்து நின்றார்.

“டீச்சர், நாலாவது மாடி காலியாகுது. வெளிநாட்டு ஆளுங்களுக்கு விடலாம்னு யா-பிங் சொல்றா. இந்த ஊரு ஆளுங்கன்னா கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. நீங்க அழகா நாலு வரி எழுதிக் குடுங்க. புது சீலிங் போட்டிருக்குன்னு மறக்காம சேத்துருங்க.”

செத்தவர்களின் ஆவிகள் உலவுவதாக இங்கே நம்புகிற பேய் மாதம் பிறந்துவிட்டால் யாரும் வீடு மாறமாட்டார்கள், அதற்குள் முடிக்கவேண்டும் என்றார். வெளிநாட்டுக்காரருக்கு ஏது பேய் மாதம் என்று கேட்டேன்.

“அவங்க வெளிநாடுன்னு பேய்க்குத் தெரியுமா?” என்றார்.

உட்கார்ந்தேன். ‘புத்தம் புதிய சீலிங்’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அந்தச் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விளம்பரத்தை ஓரம் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். நிதானமான கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: “தைவானில், தைப்பேயிலிருந்து ஆற்றைக் கடந்தால், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், மழை ஓய்ந்த ஒரு—”

வேண்டாம். மழையைக் காட்டி உங்களை மயக்குகிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: “சீலிங் என்ற சொல்லுக்கு—”

இது பரவாயில்லை. என் பிழைப்பே இதுதான். ட்யூஷன் சென்டரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷம் தவறாமல் இந்தச் சொல்லின் முறை வரும். அறையில் நம் தலைக்கு மேலே இருப்பது சீலிங். அரிசி இந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது என்று அரசாங்கம் போடும் வரம்பும் சீலிங். விமானம் எவ்வளவு உயரம் ஏறலாமோ அந்த எல்லையும் அதுதான். கண்ணாடி என்று முன்னால் சேர்த்தால், வேலை செய்யும் பெண்கள் ஒரு படிக்கு மேல் ஏறாமல் தடுக்கிற, யாருமே போட்டதாக ஒப்புக்கொள்ளாத தடை. நம் ஊர்ப்பக்கம் சீலிங் என்றால் நில உச்சவரம்பு. சீலிங் வருகிறது என்றதும் நிலத்தைப் பினாமி பேரில் எழுதியவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே பிள்ளைகள் எதில் யார் உசத்தியோ அவரைச் சீலிங் என்பார்கள். “அந்தக் கடை நூடுல்ஸ்தான் டீச்சர் நூடுல்ஸுக்கே சீலிங்.”

(தமிழில் என்ன எழுதுவது? விதானம் என்றால் கோயில் மண்டபம் ஞாபகம் வருகிறது. உட்கூரை என்றால் பாடநூல் வாடை. நாம் பேசுவது சீலிங்தான், சீலிங்காகவே இருக்கட்டும்.)

பழைய அகராதிகளைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். அந்தச் சொல்லுக்கு ஆதியில் பலகை அடித்து மூடுவது என்றும் ஒரு பொருள் உண்டு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கட்டடத்து ஆட்கள் ஆங்கிலம் தெரியாமலே அந்த ஒரு பொருளை மட்டும் எவ்வளவு சுத்தமாகக் கற்றுவைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

3

யா-பிங் டவுன் பஸ் ஓட்டுகிறாள். புருஷன் இல்லை. ரோ-ஆன் என்று ஒரு மகள், நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். நான்காம் மாடியை அவள் வாங்கியதே அதன் மரச் சீலிங்கைப் பார்த்து மயங்கித்தான். மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அந்த மரத்தைப் பிளந்துகொண்டு அம்மிக்குழவி அளவு கான்கிரீட் துண்டு ஒன்று ரோ-ஆனின் தலையணையில் விழுந்தது. நல்லவேளை, அவள் பள்ளியில் இருந்தாள். பகலில் வீட்டில் இருக்கிறவள் நான் ஒருத்தி என்பதால் யா-பிங் என்னைத்தான் ஓடிவந்து கூப்பிட்டாள்.

அண்ணாந்து பார்த்தோம். கம்பியெல்லாம் துருவேறி வெளியே தெரிந்தது. தொட்டால் அப்பளமாக உதிர்ந்தது. கீழே கிடந்த துண்டில் குட்டிச் சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது.

கழுவாத கடல் மணலில் கட்டிய வீடு. உப்பு உள்ளே இருந்தபடி கம்பியைத் தின்றுகொண்டே இருக்கும். இந்த ஊரில் இது தெரியாதவர் கிடையாது, வாய்விட்டுச் சொல்கிறவரும் கிடையாது. சொல்லிவிட்டால் அந்தக் கட்டடத்தில் ஒரு வீடும் விலை போகாது. அதனால் எல்லோரும் “ஒழுகுது” என்பார்கள். வீடு பார்க்க வருகிறவர் சீலிங்கைத் தட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. விற்பதற்கு முன்னால் அழகாக ஒரு சீலிங் போட்டுவிடுவது வழக்கம்.

அன்று சாயங்காலம் குப்பை வண்டிக்காக எல்லோரும் பைகளோடு வாசலில் நின்றிருந்தோம். எங்கள் கட்டடத்தில் எந்த நியாயமும் அங்கேதான் பேசப்படும்.

“கட்டடம் முழுக்கச் சோதிக்கணும்,” என்றாள் யா-பிங். “எல்லாரும் சரின்னு சொன்னாதான் ஆளு வருவாங்களாம்.”

ஐந்தாம் மாடி கூ அக்கா தன் பையை இறுக்கி முடிந்தாள். “எங்க வீட்டுல ஒண்ணும் ஒழுகலையே.”

“ஒழுகல் இல்லக்கா. கடல் மணல்.”

 லியென் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “நடுத்தெருவுல பேசுற பேச்சாம்மா இது,” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பச்சப் புள்ள தலையில விழுந்திருக்கும். அதைவிடப் பேச்சு பெரிசாப் போச்சா?”

“நீங்க வாடகைக்குத்தான இருக்கீங்க டீச்சர்?” என்றாள் கூ அக்கா. “நாளைக்கே பெட்டியக் கட்டிட்டுப் போயிருவீங்க. நாங்க ஆயுசு பூரா உழைச்சு வாங்கின வீடு. பேர் கெட்டுப்போச்சுன்னா நீங்க வந்து வாங்கிக்குவீங்களா?”

லியென் யா-பிங்கின் தோளில் கைவைத்தார். “நீ கவலப்படாத. எல்லாருமாச் சேந்து உனக்குப் புதுசா ஒரு சீலிங் போட்டுத் தர்றோம். பொண்ணு ரூமுக்கு லைட்டெல்லாம் வச்சு.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

3 (மறுபடியும்)

இந்த இடத்தில் யா-பிங் குப்பைப் பையை லியெனின் முகத்தில் வீசுவதாக எழுதினேன். மீன்முள்ளும் தேயிலைச் சக்கையுமாக அவர் சட்டையில் வழிகிறது. அருமையான காட்சி, முழுப்பொய்.

அவள் கேட்டது இதுதான்: “லைட்டு மஞ்சளா, வெள்ளையா?”

இவளை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுதுவது? பாத்திரம் எழுத்தாளருக்கு அடங்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அடங்காத பாத்திரம் இப்படியா நடந்துகொள்ளும்? வேலை முடிந்து புது வெள்ளைச் சீலிங் ஏறியதும் மேலே போய் நேராகவே கேட்டேன்.

“உனக்கே வெக்கமா இல்லையா? ஏமாந்தவ நீ. இப்ப இன்னொருத்தரை ஏமாத்தப் போற.”

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “உங்க கதையில நான் சண்ட போடலாம் டீச்சர். இங்க யாரு எனக்காக நிப்பா? இத வாடகைக்கு விட்டாதான் நாங்க வேற இடத்துக்கு வாடகைக்குப் போக முடியும். ரோ-ஆன் இப்ப எங்க படுக்குறா தெரியுமா? சாப்பாட்டு மேசைக்கு அடியில.”

“வர்றவங்க எங்க படுக்குறது?”

“எனக்கு வித்தவன் அதக் கேட்டானா?” என்றாள்.

இறங்கி வந்தேன். இரண்டு மாடியும் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

5

(நான்காவது பகுதியை நான்காம் மாடிக்காரர்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். அவர்களில் யாராவது எழுதட்டும்.)

முடிவுகள் சிலவற்றை முயன்று பார்த்தேன்.

நிலநடுக்கம் வந்து கட்டடம்— மலிவு. இந்த ஊரில் நிலம் வாராவாரம் நடுங்குகிறது, யாரையும் திருத்தியதில்லை.

எல்லோரும் மனம் மாறிச் சோதனைக்குச் சம்மதித்து— எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூ அக்கா மனம் மாறுவதா?

நான் விளம்பரத்தில் உண்மையை எழுதி— இதற்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. நான் இழுத்தடித்ததில் பொறுமையிழந்த லியென் போனிலேயே மொழிபெயர்த்துப் போட்டுவிட்டார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டினார். “ஒரு பொண்ணு வீடு பாக்க வந்திருக்கு. உங்க ஊரு மாதிரி இருக்கு. வந்து ரெண்டு வார்த்தை நல்லதா பேசுங்க.”

மேலே ரோ-ஆனின் அறைக்குப் போனேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா தமிழா? நான் அஜிதா, மார்த்தாண்டம். இங்க யுனிவர்சிட்டில ஆராய்ச்சிக்கு வந்திருக்கேன். அடுத்த மாசம் அவரும் பிள்ளையும் வாறாவ. இந்த ரூம பிள்ளைக்கு வைக்கலாம்னு பாக்கேன்.”

“என்ன சொல்லுது?” என்றார் லியென்.

“வீடு பிடிச்சிருக்காம்,” என்றேன்.

யா-பிங் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த அறையில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் காதில் விழவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் ரோ-ஆன் மேசைக்கு அடியிலேயே கிடப்பாள். எனக்கும் வேறு வீடு பார்க்கவேண்டி வரும். திறக்காவிட்டால் என்ன என்பது உங்களுக்கே தெரியும். கட்டியவன் இங்கே இல்லை, மணலை விற்றவன் இல்லை, முதலில் மூடி விற்றவனும் இல்லை. எல்லாப் பயல்களும் தப்பித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு பஸ் டிரைவரும் ஒரு மாணவியும், நடுவில் ஒரு ட்யூஷன் டீச்சரும். எவன் செய்த அநியாயத்துக்கு எவள் பதில் சொல்வது?

லியென் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். யா-பிங் சமையலறைப் பக்கம் ஒட்டி நின்றாள். நான் ஜன்னலோரம். அறைக்கு நடுவில் நின்றவள் அஜிதா ஒருத்திதான். அண்ணாந்து விளக்குகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா இங்கதான இருக்கீங்க. சொல்லுங்க, வீடு எப்படி?”

தமிழில்தான் கேட்டாள். அந்த அறையில் அது புரிந்தது எனக்கும் உங்களுக்கும் மட்டும்.  நீங்கள் சொல்லுங்கள்.