மூன்றாம் பங்கு

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பெர்னடெட் வீட்டுக்கு வந்தபோது புருசன் றஞ்சித் பண்ணைக் காவலிலிருந்து திரும்பியிருந்தான். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் மேசைக்கு முன்னால் இருந்தான். மேசையில் அவளுடைய நாவல் நான்கு துண்டுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டையும் வலை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள்.

அவள் தலையிலிருந்த முக்காட்டை எடுக்க மறந்து நின்றாள். பத்து நாட்களுக்கு முன்னர் கதவடியில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் அவன் கொண்டுபோவதற்கான பழைய துப்பறியும் நாவல். மற்றதில் அச்செடுத்து ஒட்டுவித்த அவளுடைய பிரதி. அவன் போன பிறகு எஞ்சியிருந்த பையைத் திறந்து பார்த்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. பத்து நாளும் அதை நினைக்காமலிருக்கத்தான் பாடுபட்டாள். கணினியில் இன்னொரு பிரதி இருந்தது. பிரதி போனதல்ல அவளுடைய பயம்.

கடலட்டைப் பண்ணையின் காவல் கொட்டில், இடுப்பளவு தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டியது. நான்கு பேர் முறைவைத்து இருப்பார்கள். தொலைபேசி ஒரு மூலையில் மட்டும் எடுக்கும். ஆளுக்கொரு புத்தகம் கொண்டுபோகிற வழக்கம் அங்கே இல்லை. ஒரு புத்தகத்தை முதுகோடு நான்காகப் பிரிப்பார்கள். தீக்குச்சி இழுத்து ஆளுக்கொரு பங்கு. இரண்டு நாளைக்கொருமுறை கைமாறும். கதையை நடுவில் தொடங்குவதும் முடிவிலிருந்து முன்னுக்கு வருவதும் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. முதற் பங்கில் ஒருத்தன் எதற்கோ ஆசைப்படுவான். இரண்டாம் பங்கில் அதைத் தேடிப் போவான். மூன்றாம் பங்கில் யாராவது சாவார்கள். நாலாம் பங்கில் கலியாணம், இல்லாவிட்டால் பொலிஸ். எந்தப் புத்தகமென்றாலும் அப்படித்தான் என்று றஞ்சித் ஒருமுறை சொல்ல, அவள் சட்டி கழுவிக்கொண்டே சிரித்திருக்கிறாள்.

அப்படியொரு கணக்கைத்தான் கோபிசங்கரும் போன மாதம் சொன்னான். பட்டணத்தில் சின்னப் பதிப்பகம் வைத்திருப்பவன். அவளுடைய எழுத்தில் உண்மையாகவே பிரியம் உள்ளவன். "பிள்ளை சாகிறது நூற்றித் தொண்ணூறாம் பக்கத்திலை, ரீச்சர். அதுவரைக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அதைக் கால்வாசிக்கு, அறுபத்தைஞ்சுக்குக் கொண்டுவாங்கோ. புத்தகம் எழும்பி நிக்கும்."

"அது மலிவுக் கதையளுக்குரிய சட்டமெல்லே தம்பி. பரிசு வாங்கின நாவல்கள் உப்பிடிப் பாத்தே எழுதினவை?"

"அளந்து பாருங்கோ."

அவள் அளந்தாள். முன்பள்ளி விட்ட பிறகு நூலகத்துக்குப் போய், எல்லோரும் கொண்டாடுகிற நாவல்களாக ஏழு எடுத்துவந்தாள். முன்னர் படித்து அழுதவை, வியந்தவை. தையல் நாடாவைப் புத்தகத்தின் பக்கவாட்டில் பிடித்து, எங்கே கதை திரும்புகிறதோ அங்கே பென்சிலால் புள்ளி வைத்தாள். ஐந்தில் அந்தப் புள்ளி கால்வாசிக்கு ஒரு விரல் இப்பாலோ அப்பாலோ விழுந்தது. ஆறாவதில் கடைசி வரை எதுவுமே திரும்பவில்லை. ஏழாவதில் நடக்க வேண்டியதெல்லாம் முதற் பக்கத்துக்கு முன்னரே நடந்து முடிந்திருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த ஐந்தும் முன்னரைப் போலவே நல்ல நாவல்களாக இருந்தன. கோபிசங்கர் சொன்னது பிழையில்லை. பிழையென்றால் மறுப்பது சுகமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவளிடம் வேறொரு கணக்கு இருந்தது. அதை அவள் கோபிசங்கரிடம் சொல்லவில்லை. இப்போது பிள்ளை நூற்றுத் தொண்ணூறு பக்கம் உயிரோடு இருக்கிறாள். தேங்காய்ப்பூவைக் களவெடுத்துத் தின்கிறாள். கோயில் மணிக்குக் காதைப் பொத்துகிறாள். செருப்புப் போட மறுக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை என்று கோபிசங்கர் சொன்னது அதைத்தான். முன்னுக்குக் கொண்டுவந்தால் அவளுக்கு அறுபத்தைந்து பக்கம். அவர்களுடைய மகள் லவீனா இருந்தது நாலு வருஷமும் இரண்டு மாதமும். பதினொரு வருஷத்துக்கு முன்னர் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் போனாள். அதன் பிறகு அந்தப் பெயரை இந்த வீட்டில் இருவரும் உரத்துச் சொன்னதில்லை. நாவல் எழுதுகிறேன் என்று றஞ்சித்துக்குச் சொல்லியிருந்தாள். எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பை மாறிப்போச்சு," என்றான் றஞ்சித். "அங்கை போய்த்தான் பாத்தனான். முதல் தாளிலை உன்ரை பேர். எனக்குப் பிரிக்க மனம் வரேல்லை. யாகோப்புதான் பிரிச்சவன்."

"சரி, என்ன செய்யிறது."

"நல்லாத்தான் பிரிச்சவன். ஒரு தாளும் கிழியேல்லை."

அவள் முக்காட்டை எடுத்து மடித்தாள். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தாள். "என்ன சொன்னவை?"

"ஜெரிசனுக்கு இரண்டாம் பங்கு. ஒரு பொலிஸ்காரன்கூட வரேல்லையாம். அக்காவைக் கேள், இது கதையோ வீட்டு விலாசமோ எண்டான். ஆனா கைமாத்திற நாள் தரேல்லை. இன்னும் முடியேல்லை, முடியேல்லை எண்டு வைச்சிருந்தவன்." அவன் கொஞ்சம் சிரித்தான். "யாகோப்புக்கு முதற் பங்கு. உன்ரை மனுசி மீன்குழம்பு வைக்கிறதை எழுதி என்னைப் பசியிலை கொண்டுபோட்டாள் எண்டு பேச்சு. மூண்டு நாள் பாண் தின்னுற ஆக்களுக்கு உப்பிடி எழுதலாமோ எண்டான்."

"உங்களுக்கு?"

"நாலாவது."

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். நாலாம் பங்கில் பிள்ளை இல்லை. வீடு மட்டும் இருக்கிறது. ஒரு புருசனும் மனைவியும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். புருசன் படகை விற்க முடிவெடுக்கிறான். விற்பதற்கு முதல்நாள் கரைக்குத் தனியே போய், படகின் பக்கத்தில் எழுதியிருந்த மகளின் பெயரைக் கத்தியால் சுரண்டுகிறான். கடைசி எழுத்திலிருந்து முன்னுக்கு வருகிறான். முதல் எழுத்தைச் சுரண்ட முடியாமல் அதற்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

றஞ்சித் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "நீ அண்டைக்குக் கரைக்கு வந்தனியே?"

"ஓம்."

"எங்கை நிண்டனி?"

"ஐஸ் பெட்டியளுக்குப் பின்னாலை. உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தனான்."

"பிறகேன் தரேல்லை?"

அவள் மடித்த முக்காட்டை மேசையோரத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ மா இடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்று மறுபடி தொடங்கியது.

"அதை வாசிச்ச உடனை எனக்கு விளங்கீட்டுது," என்றான். "பிறகு யாகோப்புவிட்டை முதற் பங்கை வாங்கினன். அதிலை அவள் இருந்தாள். செருப்பைக் கிணத்துக்கை போட்டிட்டு நிண்டாளே, அது. நான் அதை மறந்தே போனன், பெர்னா. உண்மையா மறந்துபோனன். பிறகு ஜெரிசனோடை சண்டைபிடிச்சு இரண்டாவதையும் வாங்கினன்."

"மூண்டாவது?"

"அது நீக்கிலாப்பிள்ளை அண்ணையிட்டை."

நீக்கிலாப்பிள்ளை நால்வரிலும் மூத்தவர். வாய் ஓயாத மனுசன். கடலட்டைக்கும் கதை சொல்வார் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

"அவர் வாசிச்சு முடிச்ச அண்டு ஒரு கதையும் இல்லை. சமைச்சார். பொரிச்ச மீனிலை நடுத்துண்டை என்ரை சோத்துக் கோப்பையிலை வைச்சார். நான் பங்கைத் தாங்கோ எண்டு கேட்டன். உது இஞ்சை வைச்சு வாசிக்கிறதில்லை, வீட்டை கொண்டுபோய் அவளோடை இருந்து வாசி எண்டார். மற்றவங்களுக்கும் குடுக்கேல்லை."

பெர்னடெட் அப்போதுதான் பார்த்தாள். மூன்றாம் துண்டின் நூலில் மட்டும் இரட்டை முடிச்சு.

"இதைத்தான் முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுறாங்கள்," என்றாள். "அச்சடிக்கிற பெடியன். அறுபத்தைஞ்சாம் பக்கத்துக்கு."

"எதை?"

"காய்ச்சலை."

அவன் முதற் துண்டைக் கையிலெடுத்து அதன் தடிப்பைப் பார்த்தான். கீழே வைத்தான்.

"ஏன்?"

"அப்பத்தான் ஆக்கள் விடாமல் வாசிப்பினமாம். பெரிய எழுத்தாளர்மாரும் அப்பிடித்தான் எழுதியிருக்கினம். அவன் சொல்லுறது பொய்யில்லை, நான் அளந்து பாத்தனான்."

"நாங்கள் நாலு பேரும் விடாமல்தானே வாசிச்சனாங்கள்."

"நீங்கள் நாலு பேரும் தண்ணிக்கு நடுவிலை இருந்தனீங்கள். விட்டிட்டு எங்கை போறது?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவனுடைய கண் சிவந்திருந்தது. உப்புக்காற்றில் பத்து நாள் இருந்தவனின் கண் எப்போதும் அப்படித்தான் இருக்கும். அவள் எழும்பிப் போய்த் துவாயை எடுத்துவந்து அவன் தலையைத் துவட்டினாள். சிறுபிள்ளை மாதிரிக் குனிந்து கொடுத்தான். காதுக்குப் பின்னால் நரைத்திருந்தது.

"காய்ச்சல் எத்தினையாம் தாளிலை வருது?" என்று துவாய்க்குள்ளிருந்து கேட்டான்.

"இந்தப் பங்கு தொடங்கி ஐம்பது பக்கத்துக்கு மேலை கிடக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒண்டும் நடக்காது."

அவன் இரட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தான். தாள்களைத் தட்டி நேராக்கி முன்னால் வைத்தான். வாசிக்கும்போது அவனுக்கு உதடு அசையும், வரிக்குக் கீழே விரல் போகும். பெர்னடெட் உலையை வைக்கப் போவதற்குத் திரும்பினாள். போகாமல் எதிர்க் கதிரையில் இருந்தாள். அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். பிள்ளை தகப்பனின் சைக்கிள் பாரில் ஏறுகிறாள். துறைமுகத்தடிக்குப் போகிறார்கள். வழியில் ஒவ்வொரு ஆட்டுக்கும் மணியடிக்கச் சொல்கிறாள். தகப்பன் அடிக்கிறான். அவ்வளவுதான்.

அவனுடைய விரல் கடைசி வரிக்கு வந்தது. அதை நாக்கில் தொட்டு ஈரமாக்கித் தாளின் மூலையைத் தூக்கினான். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான். பிறகு மூலையை மெல்லக் கீழே விட்டு, சுருங்காமல் தடவிவிட்டு, விரலை மேல் வரிக்குக் கொண்டுபோனான்.

பிள்ளை மறுபடியும் சைக்கிளில் ஏறினாள்.