ஒரே குளமாகக் கருதப்படும்

1959 செப்டம்பர் இரண்டாம் தேதி, புதன்கிழமை முதல், கரட்டுப்பாளையம் குளத்தில் முங்கியவர்கள் ஒன்பது மைல் தள்ளி வெள்ளியம்பதி குளத்தில் எழுந்தார்கள். முதலில் போனது ஒரு எருமை. இரண்டு நாள் அங்கே மேய்ந்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வாரம்தான், புதிய சட்டத்தின்படி, இரண்டு ஊர் நீர்ப்பாசனச் சங்கங்களையும் சர்க்கார் ஒன்றாக இணைத்திருந்தது. சாவடிச் சுவரில் ஒட்டிய உத்தரவில், ‘இரு குளங்களும் மேற்படி தேதி முதல் ஒரே குளமாகக் கருதப்படும்’ என்று இருந்தது. ஜனங்கள் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் மட்டும் சொன்னபடி கேட்டது.

எருமைக்கு அடுத்துப் போனவள் ரங்காத்தாள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற குடும்பம். வெளுத்த துணியைக் குளத்தில் அலசும்போது ஒரு மூட்டை நழுவ, அதைப் பிடிக்க முங்கியவள், எழுந்தபோது எதிரே தங்கை குழந்தையம்மாள் நிற்கக் கண்டாள். அக்காளும் தங்கையும் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில், யார் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் என்று ரங்காத்தாள் புருஷன் மயில்சாமியும் குழந்தையம்மாள் புருஷன் கிட்டுசாமியும் மண்வெட்டிப் பிடியால் அடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஊரின் சங்கத் தலைவர்கள் அவர்கள். அதோடு போக்குவரத்து நின்றது.

“ஏனக்கா, நடந்தா வந்தீங்க?” என்று குழந்தையம்மாள் கேட்டாள்.

“முங்குனேன் கண்ணு” என்றாள் ரங்காத்தாள். பிறகுதான் தங்கையின் வயிற்றைக் கவனித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஐந்து மாதம். பெற்ற தாயும் இல்லை. அன்றிலிருந்து துணி அலசப் போன ரங்காத்தாளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

மயில்சாமி இதெல்லாம் நடப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. தன்னைக் கேட்காமல் போட்ட உத்தரவு செல்லாது என்று மேலிடத்துக்கு மனுப் போட்டார். குளத்தில் கால் வைப்பதையும் விட்டுவிட்டுக் கிணற்றில் சேந்திக் குளித்தார். மார்கழி எட்டாம் தேதி காலை பதினொரு மணிக்குக் கோயமுத்தூரில் விசாரணை என்று கடிதம் வந்தது. மனு ஜெயித்தால் குளங்கள் பிரிந்துவிடும். குழந்தையம்மாளுக்குத் தை மாதம்தான் நாள்.

எட்டாம் தேதி விடியற்காலை ரங்காத்தாள் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டிப் விறகுக்கு அடுக்கிய பருத்திமார்ப் போருக்குள் செருகினாள். வாழ்க்கையில் அவள் புருஷனிடம் மறைத்த முதல் பொருள் அது.

“ஏனுங்க, கெணத்துக் கவுத்தைக் காணமுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குக் கொளத்துல குளிச்சுட்டுப் போங்க.”

மயில்சாமி யோசித்தார். மனு நிலுவையில் இருக்கும்வரை உத்தரவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவருக்குத் தோன்றியது. கோமணத்தோடு இறங்கி, முருகா என்று சொல்லி முங்கினார். வெள்ளியம்பதியில் எழுந்தார்.

திரும்ப ஒரு முங்கு முங்கியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அது இரண்டும் ஒரே குளம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் கழுத்தளவுத் தண்ணீரில் அப்படியே நின்றார். துவைக்க வந்த பெண்கள் சுற்றிப் போனார்கள். வெயில் ஏறிய பிறகு கிட்டுசாமி ஒரு வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

“மேல வாங்க சகல. தண்ணி குளுருது.”

“எனக்கு எட்டரை பஸ்ஸுக்குப் போகோணுங்க.”

“அது போயி ஒரு மணி நேரம் ஆச்சுங்க. இருந்தாலும் கோமணத்தோட ஏத்த மாட்டானுங்க.”

மயில்சாமி கையை நீட்டினார். அன்று அந்த வீட்டில் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் சாப்பிட்டார். பரிமாறிய மச்சினியின் வயிற்றைப் பார்த்ததும் இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் கிட்டுசாமி பல்லடம் வழியாக ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார். மனுதாரர் ஆஜராகாததால் மனு தள்ளுபடி என்று பத்தாம் நாள் தபால் வந்தது. மயில்சாமி அதை இரண்டு முறை படித்துவிட்டு, “சரி, போகட்டும்” என்றார்.

தையில் குழந்தையம்மாளுக்குப் பெண் பிறந்தது. தலை தெரிந்ததும் பிடித்தது ரங்காத்தாளின் கைதான். மாசியில் இணைந்த சங்கத்தின் முதல் கூட்டம் வெள்ளியம்பதியில் நடந்தது. கரட்டுப்பாளையத்து உறுப்பினர்கள் பதினோரு பேரும் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு கரைகளிலும் பெண்கள் உடை மாற்ற ஓலை மறைப்புக் கட்டுவதென்று மயில்சாமி முன்மொழிய, கிட்டுசாமி வழிமொழிய, முதல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மறைப்பு அந்தச் சித்திரைக்குள் எழும்பிவிட்டது. வெள்ளியம்பதி மறைப்பின் கொடியில் ரங்காத்தாளின் உலர்ந்த சேலை ஒன்று எப்போதும் கிடந்தது.