பென் டிரைவின் பச்சை விளக்கு

ஜெனிஃபர் பென் டிரைவைச் செருகியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா? புதுப்பட்டினம் கடைத்தெருவில் பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கும் சம்பத்தின் கை தன்னால் மவுஸுக்குப் போனது.

"கைய எடுண்ணா," என்றாள். "அழிஞ்சிடும்."

புராஜெக்ட் அறிக்கையை மாலைக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போய்விடும். அது 2007. அவள் புராஜெக்ட் செய்த அலுவலகத்தில் எல்லாக் கணினிகளிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். கடைகளில் சுற்றும் வைரஸ் தொற்றக் கூடாதென்று பென் டிரைவையும் லினக்ஸ் முறையிலேயே ஃபார்மட் செய்திருந்தாள். இப்போது விண்டோஸால் அதைப் படிக்க முடியவில்லை. அலுவலகக் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அறிக்கை இதில் மட்டும்தான் இருந்தது.

பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தாள். "இத்தப் போட்டா உங்க கம்ப்யூட்டர் லினக்ஸ்ல தொறக்கும். விண்டோஸுக்கு ஒண்ணும் ஆவாது."

"போன மாசம் ஒருத்தன் இப்டித்தான் சொன்னான். நாலு கல்யாணப் பத்திரிகை பூடுச்சு. பொண்ணு வூட்டுக்காரங்க இன்னும் என்னத் தேடிகினு கீறாங்க."

"உங்க ஹார்ட் டிஸ்க்ல கை வைக்க மாட்டேன். சத்தியமா."

சம்பத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். அவள் சி.டி.யைப் போட்டு லினக்ஸைத் திறந்தாள்.

வாக்குக் கொடுத்த பிறகு ஒரே வழிதான் மிஞ்சியது. கடையின் பிரிண்டர் லினக்ஸில் ஓடாது. அறிக்கையைக் கணினியின் நினைவகத்தில் ஏற்றிவைத்து, பென் டிரைவை விண்டோஸ் முறையில் ஃபார்மட் செய்து, திரும்ப அதில் எழுத வேண்டும். இடையில் கணினி அணைந்தால் நினைவகத்தில் இருப்பது போய்விடும்.

"யுபிஎஸ் தாங்குமாண்ணா?"

"கீது. ஆனா வயசாயிடுச்சு. பக்கத்துலயே அணுமின் நிலையத்துல கரண்ட்டு செய்றாங்க, நமக்கு எப்ப வரும், எப்ப போவும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் மணியைப் பார்த்தாள். பிறகு செய்துவிடலாம் என்று தோன்றியது. அறிக்கையை நினைவகத்தில் ஏற்றி ஃபார்மட்டைத் தொடங்கினாள்.

ஃபார்மட் முடிந்தது. அப்போது மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது.

"மானிட்டரப் புடுங்குங்கண்ணா. அதான் பேட்டரியக் குடிக்குது."

"புடுங்கிட்டா எப்டிப் பாப்ப?"

"பாக்க வேணாம்."

திரை கறுத்தது. அறிக்கையைப் பென் டிரைவில் திரும்ப எழுதும் கட்டளைகள், அலுவலகத்தில் தினமும் அடித்தவைதான். விரல்களை விசைகளின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். ஓர் எழுத்து தவறினாலும் திரையில்லாமல் தெரியப்போவதில்லை. என்டரைத் தட்டினாள்.

பென் டிரைவின் பச்சை விளக்கு மினுக்கியது.

இருவரும் அதையே பார்த்தார்கள். கீச்சொலி நெருக்கமாகிக்கொண்டு போனது. விளக்கு நின்றது. கழற்றுவதற்கான கட்டளையையும் அடித்தாள். இன்னொரு முறை மினுக்கி அடங்கியதும் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் யுபிஎஸ் வாயடைத்துப் போனது.

மின்சாரம் வரும்வரை அவள் கையைத் திறக்கவில்லை.

வந்ததும் சம்பத் விண்டோஸைத் திறந்து முதலில் தன் கல்யாணப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. எல்லாம் இருந்தன.

"இன்னா தெகிரியம் உனக்கு," என்றார். "சரி, சொருவு."

இம்முறை கேள்வி எதுவும் வரவில்லை. அவள் பெயரோடு முதல் பக்கம் திறந்தது.

சம்பத் புதுக் காகிதக் கட்டைப் பிரித்தார். "எத்தினி காப்பிமா?"