உரிமையாளர் குடியிருக்கிறாரா?

“மூணு மாசந்தான். அதுக்குள்ள பாப்பா தேறிக்குவா. வந்துடுவேன்.”

“நான் ஏதாவது கேட்டனா?”

“கேக்கலன்னாலும் சொல்லணும் இல்ல? பால்காரன்கிட்ட இனிமே அரை லிட்டர் போதும்னு சொல்லிட்டேன். ஊறுகாயில ஈரக் கரண்டி போட்டுத் தொலைக்காதீங்க.”

“சரி.”

“வேற எதுவும் சொல்லணுமா?”

“டிரைவர் ஏறிட்டான் பாரு. ஜல்தியா ஏறு.”

நான்கு வருடங்களுக்கு முன் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மனைவி சாந்திமதியோடு பேசியது. வீரசேனனுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. விழுப்புரத்தில், பாப்பா என்று அவர்கள் கூப்பிடும் மகள் ஸ்ரீநிதியின் கணவன் பைக் விபத்தில் இறந்து அப்போது இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஸ்ரீநிதி தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். பகல் ஒரு வாரம், இரவு ஒரு வாரம் வேலை. அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அம்மா போகாமல் எப்படி?

மூன்று மாதம் நான்கு வருடம் ஆனது. யார் மேலும் தப்பில்லை. சண்டையும் இல்லை. பொங்கலுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், குழந்தைகளுக்குப் பள்ளி திறக்கிறது என்று கிளம்பிவிடுவாள்.

முதல் வருடமே ஸ்ரீநிதி போனில் கூப்பிட்டாள். “அப்பா, நீங்களும் இங்கயே வந்துடுங்க. தனியா அங்க என்ன பண்ணிகினு இருக்கீங்க?”

“பொண்ணு வீட்டுல ஒரு வேளை சாப்புட்டு வரலாம்மா. போய்ப் படுத்துகினு இருந்தா ஊரு சிரிக்கும்” என்றார் வீரசேனன். அவள் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்கமாட்டாளா என்று அவர் காத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

அப்போது அவருக்கு மல்லாட்டை மண்டி இருந்தது. நிலக்கடலை மூட்டை, தராசு, ஆட்கள் என்று பகல் ஓடிவிடும். முழங்கால் வலி வந்து மண்டியை மூடிய பிறகுதான் பொழுது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. நயினார் என்று ஊர் அழைக்கும் சமணக் குடும்பம், இருட்டிய பிறகு சாப்பிடும் வழக்கம் இல்லை. ஐந்தரை மணிக்கே சோற்றை முடித்து, ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து, அடுப்பைத் துடைத்துவிட்டால், அதன்பின் தூக்கம் வரும்வரை அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று தோன்றியது அப்படி ஒரு பொழுதில்தான். சமையலறை இருட்டு என்று முப்பது வருடம் குறைப்பட்டவள் சாந்திமதி. கிழக்குச் சுவரை இடித்துப் பெரிய ஜன்னல் வைத்தார். மேடையை அவள் உயரத்துக்குத் தாழ்த்தினார். கொல்லைக்கு நடக்க வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கட்டி, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி பதித்தார். ஒவ்வொன்றையும் போனில் சொன்னார்.

“நல்லா இருக்குதுங்க” என்பாள். எப்போது வருகிறேன் என்று சொல்லமாட்டாள். எப்போது வருகிறாய் என்று அவரும் கேட்கமாட்டார்.

வேலை முடிந்து எட்டு மாதம் ஆன நிலையில் நகராட்சியின் வீட்டு வரிச் சலுகை அறிவிப்பு வந்தது. புதிதாகக் கட்டிய வீட்டுக்கும் புதுப்பித்த வீட்டுக்கும் கூடுதல் வரி மூன்று வருடத்துக்குத் தள்ளுபடி. ஆனால் உரிமையாளரே அதில் குடியிருக்க வேண்டும். வீடு சாந்திமதியின் பெயரில் இருந்தது. அவளுடைய நகையை விற்று வாங்கிய மனை அது. விண்ணப்பத்தில் ‘உரிமையாளர் குடியிருக்கிறாரா?’ என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று எழுதினார் வீரசேனன். பேனா தயங்கவே இல்லை. பீரோவில் அவள் புடவைகள் இருக்கின்றன. ரேஷன் கார்டில் அவள் பெயர் இருக்கிறது. வேறு என்ன எழுதுவது?

பில் கலெக்டர் தென்னரசு பார்வைக்கு வந்தபோது மாலை ஆறே முக்கால். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. ‘சமையல் நடைபெறும் அறிகுறி இல்லை. எவரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை.’

அன்று கதவைத் திறந்துவிட்டதே வீரசேனன்தான்; அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தார். மறுநாள் வரி ஆபீசுக்குப் போனார்.

“நயினாரே, கோச்சுக்காதீங்க. அடுப்பு சில்லுனு கெடக்குது. ஒரு பாத்திரம் ஈரமா இல்ல. வீடு ஷோரூம் கணக்கா, நீங்க சும்மா தெறந்து காட்ட வந்தவரு கணக்கா இருந்தா நான் என்னான்னு எழுதறது?” என்றார் தென்னரசு.

“நாங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்புட்டு முடிச்சுடுவோம் தம்பி. ராத்திரியில அடுப்பே பத்த வெக்க மாட்டோம்.”

“அட! எங்க வீட்ல பத்து மணிக்குத்தான் தோசைக்கல்லே அடுப்புல ஏறுது. எனக்கு எப்படித் தெரியும்?” சிரித்துவிட்டு, “வியாழக்கெழம பகல்ல வந்து பாத்து மாத்தி எழுதிடறேன். அம்மாவ வீட்ல இருக்கச் சொல்லுங்க. அவங்கதானே ஓனரு.”

அன்றிரவு போனில் வீரசேனன் சொன்னார். “ஒரு நாள் வந்துட்டுப் போ. வரி விஷயம்.”

“பாப்பாவுக்கு எந்த டூட்டின்னு பாத்துச் சொல்றேங்க.”

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தாள். வேலை முழுதாக முடிந்தபின் இப்போதுதான் பார்க்கிறாள். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் வழியே வெயில் மேடை முழுக்கக் கிடந்தது. கையை அதில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் செருகிக்கொண்டு, “பருப்பு எதுல வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

விருந்துக்கு வந்தவள் கேட்பது போல் இருந்தது. அவர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

தென்னரசு பதினொரு மணிக்கு வந்தார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “இப்பத்தான் வீடு மாதிரி இருக்குது” என்று மோரை வாங்கிக் குடித்தார். ஃபைலைப் பிரித்தார். “ஒரே கேள்விம்மா, சும்மா பார்மாலிட்டிக்கு. நீங்க இங்கதானே குடியிருக்கீங்க?”

வீரசேனன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லைங்க” என்றாள் சாந்திமதி. “விழுப்புரத்துல என் பொண்ணுகூட இருக்கறேன்.”

“ஐயா ஆமான்னு எழுதியிருக்காரே?”

“அவரு பொய் எழுதறவரு இல்லைங்க. அவரு மனசுல அது அப்படித்தான்.”

தென்னரசு பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். “ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா இப்பவே முடிச்சுடுவேன்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“இல்லாதத எப்படிங்க சொல்றது?”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது, அதற்குள் குடி வந்துவிட்டால் ஒரு போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “தப்பா எடுத்துக்காதீங்க நயினாரே” என்றார் மெதுவாக.

நாலரை மணிக்கே சோறு போட்டாள். அவருக்குப் போட்டுவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தாள். வழக்கத்துக்கு மேல் அவர் இரண்டு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார்.

“கோவமா?” என்றாள்.

“இல்ல. நீ ஆமான்னு சொல்லியிருந்தா அவன் போனப்புறம் இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்.”

அவள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். “நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பாப்பா கதவத் தட்டுவா. நான் தெறந்ததும் உள்ள கூட வரமாட்டா. வாசல்லயே என் தோள்ல சாஞ்சுகினு கொஞ்ச நேரம் நிப்பா. நாலு வருஷமா ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அவள வுட்டுட்டு என்னால வர முடியாதுங்க.”

“நான் வரச் சொல்லல.”

“சொல்லல. ஜன்னல் வெச்சீங்க.” அவள் பிசைவதை நிறுத்தினாள். “போன்ல நீங்க ஒண்ணொண்ணாச் சொல்றப்பவே எதுக்குன்னு புரிஞ்சுது. புரியாத மாதிரி இருந்துட்டேன். என்னைய மன்னிச்சுடுங்க.”

அவர் எழுந்து கை கழுவினார். அவள் தட்டுகளைத் தேய்த்து, அடுப்பைத் துடைத்து, மீந்த குழம்பை எதிர்வீட்டுப் பாஞ்சாலிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். குழந்தைகளுக்கு வாங்கி வைத்திருந்த பொரிஉருண்டையைப் பையில் போட்டாள். சுத்தமான சமையலறை. இன்னும் கொஞ்ச நேரத்தில் யார் வந்து பார்த்தாலும் ஆள் இல்லாத வீடு என்றுதான் எழுதுவார்கள்.

“அஞ்சேகால் பஸ்ஸப் புடிச்சா வெளிச்சத்துலயே போய்டலாம். வர்றேங்க.”

“சாந்தி.”

“ம்.”

வீரசேனன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தாறு வயதில் இதைக் கேட்பதற்கு வாய் வரவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“ஊரு என்னா சொன்னாலும் சொல்லிட்டுப் போவட்டும். என்னால தனியா முடியல. ஸ்ரீநிதிகிட்ட நீயே கேளு... என்னையும் அங்க, உங்ககூட வெச்சுக்குவீங்களா?”